எண்பத்திரண்டு டிகிரி

உக்கடத்தில் பேரம் பேசி
பதினெட்டாயிரத்துக்கு ஏற்றிவந்த ஆம்னி இன்ஜின்
பழைய டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்திருக்கிறது,
கட்டபெட்டில், மரியதாஸ் பட்டறையில்.
மூன்று சிலிண்டர். நம்பர் தெளிவாக இருக்கிறது.
முகம் நசுங்கிய வேனில் இருந்து கழற்றியதாம்.
விற்றவன் வேறொன்றும் சொல்லவில்லை.

பெல்ட் மூடியைத் திறந்தால்
எண்ணெயில் ஊறிய பஞ்சு,
மஞ்சளும் நீலமுமாய்.
"பனியன் வேஸ்ட்டுக்கா" என்றான் இம்ரான்.
ஆக, திருப்பூர்.
தட்டையான ரோட்டில்
டாப் கியரிலேயே வாழ்ந்திருக்கிறாய்.
கொண்டை ஊசி வளைவை
நீ பார்த்ததே இல்லை.

வெளியே என் வண்டி.
சீட்டைத் தூக்கினால் நேராக மண் தெரிகிறது.

"அப்படியே மாட்டிடலாம்,
நாளைக்கே கேரட் ஏத்தலாம்" என்றார் மரியதாஸ்.
சொன்னாரே தவிர ஸ்பேனரை எடுக்கவில்லை.
பின்பக்க ஆயில் சீலை விரலால் தடவி
என் பக்கம் நீட்டினார்.
கறுப்பு.
நூற்றிருபது ரூபாய் ரப்பர்,
இப்போது கைக்கு எட்டுகிறது.
உள்ளே போய்விட்டால் இதே ரப்பருக்கு
கியர் பாக்ஸை இறக்க வேண்டும்,
இரண்டு நாள் கூலி.
அதற்கு முன்னால்
குஞ்சப்பனைக்குக் கீழே எங்கோ இருட்டில்
நானும் எட்டு மூட்டை கேரட்டும்.

என்னிடம் நாலாயிரம்.
பீடிக்கட்டு அட்டையில் எழுதினோம்:
டைமிங் பெல்ட், டென்ஷனர்,
சீல் முன்னால் ஒன்று பின்னால் ஒன்று,
கிளட்ச் தட்டு.
வாட்டர் பம்ப் அச்சைப் பிடித்து ஆட்டினார்.
ஆடியது.
விழ மனமில்லாத பால்பல் அளவுக்கு.
"ஆறு மாசம் தாங்கும்."
மெக்கானிக்கின் ஆறு மாசம்
எத்தனை வாரம் என்று எனக்குத் தெரியும்.

தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடத்தைத் திறந்தார்.
காலி.
"கீழ் ஊர்க்காரங்க வெயிலுக்குப் பயந்து
வால்வைப் பிடுங்கிப் போட்டுருவாங்க."

மார்கழி விடிகாலையில்
புல்லெல்லாம் வெள்ளையாய் உறைந்து கிடக்க
சூடே ஏறாமல்
சோக்கை இழுத்து இழுத்து
பெட்ரோல் குடித்து இருமப்போவதை
இப்போதே கேட்டேன்.

மூலையில், சாக்குக்கு அடியில், என் பழையது.
ராடு முறிந்து
பிளாக்கில் ஓட்டை போட்டுக்கொண்டு போனது.
சித்திரையில்தான் அதற்குப் புதுப் பம்ப் வாங்கினேன்,
பில்கூட டேஷ்போர்டில் கிடக்கிறது.
மற்றதெல்லாம் செத்தது
அந்தப் பம்புக்குத் தெரியாது.
விரலால் தட்டினால்
சத்தமில்லாமல் சுற்றுகிறது.
நானே கழற்றினேன்.

தெர்மோஸ்டாட்டும் அதிலேயே இருந்தது,
பச்சை பூத்து.
டீச் சட்டியில் தண்ணீர் வைத்து
நூலில் கட்டி இறக்கினான் இம்ரான்.
மூன்று தலைகள் ஒரு சட்டிக்கு மேல்.
இந்த உயரத்தில் தண்ணீருக்கு அவசரம் அதிகம்,
நூறு வரை காத்திருக்காது.
இது திறக்க வேண்டியது எண்பத்திரண்டில்.

ஆவி.
ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை.
பிறகு, நூல் அளவு.
பிறகு ஒரு ரூபாய்க் காசின் தடிமன்.

அடுத்த டீயும் அந்தச் சட்டியில்தான் வந்தது.
பித்தளை வாசம்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

கிளட்ச் தட்டுக்குக் காசு தேறவில்லை.
ரிவெட்டுக்கு மேலே மிச்சமிருப்பதை
நகத்தால் அளந்து பார்த்தார்.
"இதை விட்டுருவோம்" என்றேன்.
விட்டதை அட்டையில் எழுதி
பில்லோடு சேர்த்து வைத்தேன்.
பஞ்சும் முழுதாய் வரவில்லை,
ஒரு நீல இழை உள்ளேயே தங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை, மூன்று மணி, பனி.
ஐந்து நிமிடம் முள் அசையவில்லை.
பிறகு ஏறி, பாதியில் நின்றது,
நிற்க வேண்டிய இடத்தில்.
தொடைக்கு அடியில் சீட் வெதுவெதுத்தது.

ஆனால் இறக்கத்தில்
எல்லா இன்ஜினும் நல்ல இன்ஜின்தான்.
மேட்டுப்பாளையம் மண்டியில் மூட்டைகளைத் தள்ளிவிட்டு
வண்டியைத் திருப்பினேன்.
முதல் வளைவு.
இரண்டாவது கியர்.
வா, திருப்பூர்.